சிவக்க மறுத்த ஈஸ்ட்

இன்குபேட்டருக்குள் தட்டுகளை அடுக்கும்போது, நான் எழுதிய பக்கம் கதவைப் பார்த்திருக்கும்படி வைப்பேன். திறந்த உடனே வாசிக்கலாம். ஒரு வினாடி மிச்சம். அந்தத் திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது என் எழுத்துகள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ என் தட்டுகளைத் தொட்டிருக்கிறார்கள். அதைவிட மோசம், தட்டுகளில் வளர்ந்திருந்த ஈஸ்ட் முழுவதும் வெள்ளையாக இருந்தது. அதில் பாதியாவது சிவக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

உள்ளே இருந்த சூடெல்லாம் வெளியே போக, கதவைப் பிடித்தபடியே நின்றேன். எனக்கு முதலில் தோன்றியது 'என்ன பிழை விட்டேன்?' என்பதல்ல. 'யார்?' என்பதுதான்.

அப்போது நான் கோபன்ஹேகனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். டோஸ்ட்ருப்பிலிருந்து ரயிலில் போய் வருவேன். எங்கள் குழுவில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஓர் இடம் வந்திருந்தது. நேர்முகத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் நான் இணைத்திருந்தது ஒரே ஒரு படம். மூன்று வாரத்துக்குள் அந்தப் படத்தை இன்னொரு தடவை செய்து காட்டினால் இடம் எனக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு. அந்த வசந்தம் முழுவதும் நான் சாப்பிட்டது, தூங்கியது, ஆட்களை முறைத்துப் பார்த்தது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

படத்தைப் புரிந்துகொள்ள ஈஸ்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாண் மாவைப் பொங்கவைக்கும் அதே சாமான்தான். அம்மா யாழ்ப்பாணத்தில் படித்த பாடப்புத்தகத்தில் அதன் பெயர் மதுவம். ஒரு ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. நூலை நீட்டிப் பிடித்தால் அந்தச் செல்லைவிடப் பல நூறு மடங்கு நீளம் வரும். அதைச் சும்மா திணிக்க முடியாது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் உருளைகளாக நிற்க, நூல் அவற்றைச் சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு உருளையிலிருந்தும் சின்னச் சின்ன வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சில நொதிகள் வந்து அந்த வாலில் அசிட்டைல் என்ற குட்டிக் குறியை ஒட்டிவிட்டுப் போகும். ஒட்டினால் நூல் தளரும், அந்த இடத்து மரபணு வாசிக்கப்படும். வேறு சில நொதிகள் பின்னாலேயே வந்து குறியைப் பிடுங்கும். பிடுங்கினால் நூல் இறுகும், மரபணு வாயை மூடிக்கொள்ளும். எழுத்தில் ஒன்றும் மாறுவதில்லை. எது வாசிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. இதை முதன்முதலில் வகுப்பில் கேட்ட அன்று நான் ரயிலில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

குரோமோசோமின் நுனிகளில் பிடுங்குகிறவர்களின் ஆட்சி. அங்கே எந்த மரபணுவைக் கொண்டுபோய் வைத்தாலும் பெரும்பாலும் அடக்கிவிடுவார்கள். எங்களுக்கு முன்னே யாரோ கெட்டிக்காரர்கள், அடினீன் என்ற பொருளைச் செய்ய உதவும் ஒரு மரபணுவை எடுத்து அந்த நுனியில் நட்டார்கள். அது வாசிக்கப்பட்டால் ஈஸ்ட் வெள்ளை. அடக்கப்பட்டால் அடினீன் வேலை பாதியில் நின்று, செல்லுக்குள் ஒரு சிவப்புச் சாயம் தேங்கும். ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே டி.என்.ஏ.; ஆனால் ஒரு புள்ளி ஈஸ்டுக்குள்ளேயே கேக் துண்டுகள் மாதிரி ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. நொதிகள் என்ன செய்கின்றன என்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். நுணுக்குக்காட்டிகூடத் தேவையில்லை.

குறியைப் பிடுங்கும் நொதிகளில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதை நீக்கிவிட்டால் நுனியில் அடக்க ஆளில்லை. ஈஸ்ட் முழு வெள்ளையாகிவிடும். நான் பிடித்துக்கொண்டிருந்தது அதுவல்ல, ஒருவரும் திரும்பிப் பார்க்காத இன்னொரு நொதி. ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்து அதை நீக்கிய ஈஸ்டைத் தட்டில் கோடு கோடாகக் கீறி வளர்த்தேன். சுத்த வெள்ளை! அப்படியென்றால் என் நொதிக்கும் அந்த அடக்குமுறையில் பங்கு இருக்கிறது. பக்கத்தில் ஒப்பீட்டுக்காக, எதையும் நீக்காத சாதாரண ஈஸ்டின் சிவப்பு-வெள்ளைத் தட்டை வைத்துப் படமெடுத்தேன். அந்தத் தட்டு ஈஸ்டருக்கு முன்பே நான் செய்து குளிரறையில் வைத்திருந்தது. சிவப்பு நன்றாக ஏற ஒரு வாரத்துக்கு மேல் குளிரில் விடவேண்டும். கையில் ஒன்று இருக்கும்போது புதிதாக இன்னொன்று செய்து காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

நேர்முகத்துக்காக இப்போது எல்லாவற்றையும் புதிதாகச் செய்தபோதுதான் சாதாரண ஈஸ்டும் வெள்ளையாக வந்து நின்றது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை என்றால் என் நொதி ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். அல்லது என் சாதாரண ஈஸ்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யாரோ வேறொன்றை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவது அர்த்தம் எனக்குப் பிடித்திருந்தது.

என் பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தாள். திருச்சியிலிருந்து வந்தவள், முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டு. என்னைவிட மூன்று வயது மூப்பு. அவளுடைய ஆராய்ச்சி குறியை ஒட்டும் நொதியைப் பற்றியது, என்னுடையது பிடுங்கும் நொதியைப் பற்றியது. இடம் மட்டும் இரண்டு பேருக்கும் அதே நுனிதான். ஃப்ரீசரில் எங்கள் ஈஸ்ட் குழாய்கள் ஒரே பெட்டியில் இருந்தன. அவள் கையெழுத்து வலப்பக்கம், என் கையெழுத்து இடப்பக்கம். பூட்டு என்று ஒன்று அந்தக் கட்டடத்திலேயே கழிப்பறைக் கதவுக்கு மட்டும்தான்.

எங்களுக்குள் ஆரம்பத்தில் நல்ல சிரிப்பு இருந்தது. "நீ பேசறது ரேடியோ நாடகம் மாதிரியே இருக்கு, இன்னொரு தடவ சொல்லு" என்பாள். "நீங்கள் கதைக்கிறதில முக்கால்வாசி இங்கிலிஷ் அக்கா, மிச்சக் கால்வாசியில என்னத்தைச் சொல்லுறது" என்பேன். அம்மா வடை சுட்டால் அவளுக்கும் ஒரு டப்பா போகும். ஆனால் நேர்முகக் கடிதம் வந்ததிலிருந்து நான் அவளைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. அவள் பக்கம் வந்தால் மடிக்கணினியை மூடினேன். என் குறிப்பேட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தட்டுகள் திரும்பியிருந்த அந்தத் திங்கட்கிழமை மதியம், நான் ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள்.

"என்ன, எல்லாம் வெள்ளையாவே இருக்கு போல?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றும் சாட்சியாக மாறியது. நான் அறைக்குள் நுழைந்ததும் அவள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினாள். சாட்சி. ஃப்ரீசரில் என் குழாய் ஒன்று அவள் பக்க வரிசையில் நின்றது. சாட்சி. ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக என்னைப் பார்த்து மிகவும் அன்பாகச் சிரித்தாள். அது மிகப் பெரிய சாட்சி.

வீட்டில் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். முகத்தைப் பார்த்தே யார் மாத்திரையை விழுங்கவில்லை என்று சொல்லக்கூடியவள்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

நான் டேனிஷில்தான் பதில் சொன்னேன், வழக்கம்போல. யாரோ என் ஈஸ்டை மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்றேன்.

"ஆர், அந்த இந்தியப் பிள்ளையோ?"

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"நீ சொல்லேல்லை. நான் சொல்லுறன். சிரிச்சுக் கதை, ஆனா சாமானைக் கண்ணில வை. நான் வேலையில என்ரை சப்பாத்தைக்கூட மற்றாக்களின்ரை அலுமாரிக்குக் கிட்ட விடுறேல்லை." பிறகு சிறிது யோசித்து, "அந்தப் பிள்ளை போனமுறை டப்பாவைக் கழுவித் தந்தவளெல்லே. கழுவித் தாற பிள்ளையள் அப்பிடிச் செய்யமாட்டினம்" என்றாள்.

அம்மாவின் இரண்டாவது வாக்கியத்தை நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரமே எங்கள் குழுத் தலைவருடன் எனக்கு ஒரு சந்திப்பு இருந்தது. நெட்டையான, அவசரப்படாத டேனிஷ்காரர். ஒரு கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். படத்தை மீண்டும் செய்வது எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"என் பெட்டியில் யாரோ கை வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்" என்றேன். தமிழில் மனதுக்குள் ஓடியபோது நியாயமாக இருந்த வாக்கியம், டேனிஷில் வெளியே வந்ததும் அசிங்கமாகக் கேட்டது.

"யார்?"

"தெரியாது. அந்தப் பெட்டியைப் பாவிப்பது நாங்கள் இரண்டு பேர்தான்."

பெயர் சொல்லவில்லை என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு பேரில் நான் இல்லையென்றால் மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பட்டமும் தேவையில்லை. அவர் ஜன்னலை நீண்ட நேரம் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளில் அக்காவின் குழாய்களெல்லாம் நிலவறை ஃப்ரீசருக்குப் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் ஐஸ் வாளியோடு மூன்று மாடி இறங்கி ஏறவேண்டும். மூச்சு வாங்க வந்து என் மேசையில் சாய்ந்தாள்.

"என்னய கீழ அனுப்பிட்டாங்க. மேல இடம் இல்லையாம். நான் போய் தெறந்து பாத்தேன், இன்னும் இருவது பொட்டி வைக்கலாம். ஏன்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது அக்கா."

அவள் ஒரு வினாடி கூடுதலாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் சாட்சிகளோடு சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் அவள் குழாய்கள் போன பிறகும் புதிய தட்டுகள் வெள்ளையாகவே வந்தன. எனவே அவள் ஃப்ரீசரில் அல்ல, இன்குபேட்டரிலேயே தட்டை மாற்றுகிறாள் என்று முடிவுகட்டினேன். ஒரு பொறி வைக்கத் திட்டம் போட்டேன். நான் அந்த ஆண்டில் செய்த வேலைகளிலேயே மிகவும் கவனமாகச் செய்த வேலை அதுதான்.

நான்கு தட்டுகள். ஒன்றில் சாதாரண ஈஸ்ட். ஒன்றில் புகழ்பெற்ற நொதி நீக்கியது. ஒன்றில் என் நொதி நீக்கியது. நான்காவது வேறு மாடியில் இருந்த இன்னொரு குழுவிடம் இரகசியமாகக் கேட்டு வாங்கியது. அதில் அந்த அடினீன் மரபணுவையே அடியோடு வெட்டி எறிந்திருந்தார்கள். அடக்கவோ திறக்கவோ அதில் ஒன்றுமே இல்லை. அது எந்த நொதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிவப்பு. அதை ஏன் சேர்த்தேன்? கள்ளரைப் பிடிக்க. யாராவது தட்டை மாற்றினால் அந்தச் சிவப்பு காணாமற்போகும், கையோடு பிடிபடும்.

தட்டுகளில் உண்மையான பெயர் எழுதவில்லை. தமிழில் எழுதினால் அவள் வாசிப்பாள், டேனிஷில் எழுதினால் எல்லாரும் வாசிப்பார்கள். என் ரயில் நிற்கும் நிலையங்களின் முதலெழுத்துகளைப் போட்டேன்: டோஸ்ட்ருப், அல்பெர்ட்ஸ்லுண்ட், குளோஸ்ட்ரூப், புரொண்பி. எது எந்த ஈஸ்ட் என்பது என் தலைக்குள் மட்டும். ஒவ்வொரு தட்டின் மூடியையும் அடியையும் சேர்த்து மெல்லிய பேனாவால் மூன்று புள்ளிகள் வைத்தேன். மூடியைத் திறந்து மூடினால் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. பிறகு தொலைபேசியில் படமெடுத்தேன். வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. துப்பறியும் உற்சாகத்தில் இருந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், தட்டுகளை வெளியே எடுத்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றும் நேராக நின்றன. எந்த மூடியும் திறக்கப்படவில்லை. நான்கு தட்டுகளும் வெள்ளை.

நான்காவதும்.

அதைக் கையில் பிடித்தபடி அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன். முதலில் தோன்றியது, அடுத்த மாடிக்காரரும் இதில் கூட்டோ என்பது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. பிறகு மெதுவாக மற்றது உறைத்தது. அந்த ஈஸ்டில் மரபணுவே இல்லை. இல்லாத ஒன்றை எந்த நொதியாலும் திறந்துவிட முடியாது. என்றாலும் அது வெள்ளை. அப்படியென்றால் அதற்கு அடினீன் வெளியே இருந்து கிடைக்கிறது. வெளியே தாராளமாகக் கிடைத்தால் செல் தன் சொந்த அடினீன் வேலையையே நிறுத்திவிடும். சிவப்புச் சாயம் தேங்காது. ஈஸ்டை ஒருவரும் மாற்றவில்லை. ஈஸ்ட் நிற்கிற கூழ்தான் மாறியிருக்கிறது.

தட்டுகளில் ஊற்றும் கூழைக் காய்ச்சுவதற்கு எங்கள் மாடியில் தனி அறை உண்டு. எல்லோரும் கிச்சின் என்றுதான் சொல்வோம். அதைப் பார்த்துக்கொள்ளும் டேனிஷ் அம்மா வானொலியைப் போட்டுவிட்டுப் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தட்டுகளில் அடினீன் சேர்க்கிறீர்களா?"

"சேர்க்கிறேனே. ஈஸ்ட் கொழுகொழு என்று வளர்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம்."

"எப்போதிலிருந்து?"

"ஈஸ்டருக்குப் பிறகு. வெள்ளிக்கிழமை எல்லாரையும் கேட்டுத்தானே முடிவெடுத்தோம். வேண்டாதவர்கள் சுவரில் இருக்கிற தாளில் எழுதிவைத்தால் போதும், தனியாகக் காய்ச்சித் தருவேன்." ஈரக்கையால் காட்டினார். தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அக்காவின் பெயர்.

வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைக் காலை உணவு. எங்கள் குழுவில் ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறைவைத்து உருண்டைப் பாண், வெண்ணெய், பாற்கட்டி, கேக் எல்லாம் கொண்டுவருவார். ஒரு மணிநேரம் சாப்பிட்டுக்கொண்டு வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள். அது நேரத்தைக் கொல்லும் வேலை என்று நான் கடைசி ஆண்டு தொடங்கியதிலிருந்து போவதை விட்டுவிட்டேன். அவர்கள் சாப்பிடும் அந்த நேரத்தில் நான் நான்கு தட்டு கீறி முடிப்பேன். வெயில், மழைக்கு நடுவே குழுவின் எல்லா முடிவுகளும் அந்த மேசையில்தான் எடுக்கப்படுகின்றன என்பதும், அவற்றை எழுதி அனுப்புவது ஒருவருக்கும் தோன்றாது என்பதும், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருச்சியிலிருந்து வந்தவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் மேசைக்கு நேராகப் போனேன்.

"அக்கா, தட்டில அடினீன் போடினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமே. எலுமிச்ச கேக் வச்ச அன்னைக்கு சொன்னாங்க."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் பிப்பெட்டைக் கீழே வைத்தாள். "நீ என்ன பண்றேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கிட்ட வந்தாலே லேப்டாப்ப டப்புனு மூடுற. நோட்ட தூக்கிட்டு வீட்டுக்கு ஓடுற. நீ வெள்ள வெள்ளன்னு ஒரு படத்த காட்டி குதிச்சிட்டு இருந்த, தட்டும் வெள்ளையா இருந்துச்சு. சரி, புள்ளைக்கு வேலை நடக்குதுன்னு நெனச்சேன்."

"நீங்கள் என்ரை தட்டுகளைத் தொட்டனீங்களோ?"

"தொட்டேன். என் ஃப்ளாஸ்க்குக்கு எடமில்ல, தள்ளி வச்சேன். ஏன்?" பிறகு அவள் கண் சுருங்கியது. "இரு. மூடியில எல்லாம் புள்ளி வச்சிருந்தியே, அது எனக்கா? நான் என்னமோ நீ கோலம் போட்டுப் பழகுறன்னு நெனச்சேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அப்ப என்னய கீழ அனுப்புனது?"

நான் அவள் கழற்றிய கையுறையைப் பார்த்தேன்.

"நீயா?"

"ஓம்."

"மாடிப்படி ஏறி ஏறி எனக்கு முட்டி போச்சு. 'ஏன்னு தெரியுமா'ன்னு உன்கிட்டயே வந்து கேட்டேன். 'தெரியாது அக்கா'ன்னு ராகம் போட்டு சொன்ன."

"சொறி அக்கா."

"உன் சாரி எனக்கு வேணாம். அவரு மனசுல நான் திருடி. இனி எனக்கு அவர் ரெக்கமண்டேஷன் லெட்டர் எழுதும்போதெல்லாம் அது இருக்கும். வெள்ளிக்கிழமை எல்லாரும் உக்காந்திருப்பாங்கல்ல, அங்க வந்து சொல்லு. மெயில்ல இல்ல. வாயால."

சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் பாணைப் பிளந்து வெண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, என் படம் பிழை, ஈஸ்டருக்கு முந்தைய தட்டையும் அடினீன் சேர்த்த பிந்தைய தட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டேன், அதைக் கண்டுகொள்ளாமல் ஒருவரைச் சந்தேகப்பட்டேன், அவர் ஒன்றும் செய்யவில்லை என்றேன். எல்லோரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். கிச்சின் அம்மா எனக்கு வெண்ணெயைத் தள்ளிவிட்டார். "சொன்னதற்கு நன்றி" என்றார் தலைவர். அந்த நன்றி எந்த வகை நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. அன்று மாலையே அக்காவின் குழாய்கள் மேலே வந்தன. என் பெட்டிக்கு அல்ல. அவள் தனிப்பெட்டி கேட்டு வாங்கிவிட்டாள்.

நேர்முகத்துக்கு நான்கு நாட்கள் இருந்தன. அடினீன் சேர்க்காத தட்டுகளில் எல்லாவற்றையும், இந்தமுறை ஒரே நாளில் ஒரே கூழில், கீறி வைத்தேன். சிவப்பு ஏற அவ்வளவு நாள் போதாது. நேர்முகத்துக்கு முந்தைய நாள் தலைவர் என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் படத்தை என்ன செய்யப்போகிறாய்?"

"எடுத்துவிடப் போகிறேன்."

"'ஆரம்பநிலை' என்று கீழே எழுதி விட்டுவைக்கவும் செய்யலாம். பலர் அப்படிச் செய்வதுண்டு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இது உதவியா, சோதனையா? விட்டுவைத்தால் 'பார்த்தீர்களா' என்று சொல்லப்போகிறாரா, எடுத்துவிட்டால் 'கையில் ஒன்றுமில்லை' என்று சொல்லப்போகிறாரா? இரவெல்லாம் உருட்டிப் பார்த்துவிட்டு, காலை ரயிலில் படத்தை அழித்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அது பிழை என்று எட்டுப் பேருக்குத் தெரியும்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நான் ஹிஸ்டோனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன், அவர்கள் புன்னகைத்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பெண் கேட்டார்: "உன் நொதி நுனியில் என்ன செய்கிறது என்று இப்போது உனக்குத் தெரிந்தது என்ன?"

"ஒன்றுமில்லை" என்றேன். "ஒரு வாரத்தில் தெரியும்."

ஒரு வாரத்தில் தெரிந்தது. குளிரறையிலிருந்து எடுத்தபோது சாதாரண ஈஸ்ட் சிவப்பும் வெள்ளையுமாக அழகாக இருந்தது. என் நொதி நீக்கிய ஈஸ்டும் அதேபோலச் சிவப்பும் வெள்ளையுமாக, அதே அழகோடு இருந்தது. நான் அதை நீக்கியதை நுனி கவனிக்கவேயில்லை. அந்த நொதிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தலைவர் கூப்பிட்டார். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

"பிழையான தட்டு காரணமல்ல" என்றார். "எங்கள் எல்லாருக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் உன் முடிவு குழம்பியபோது நீ இரண்டு வாரம் ஒரு மனிதரைச் சோதித்தாய். கூழைச் சோதிக்கவில்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது."

நியாயமான பேச்சு. மிகவும் நியாயமாக, மிகவும் ஒழுங்காக இருந்தது. கதவுவரை போய்விட்டுத் திரும்பினேன்.

"அதுதான் உண்மையான காரணமா?"

அவர் புருவத்தை உயர்த்தினார். "இப்போது என்னையும் சந்தேகப்படுகிறாயா?"

"ஆமாம்."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார். "மற்றவரிடம் மூன்று படங்கள் இருந்தன" என்றார். "மூன்றும் சரியானவை."

அதற்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.